சந்தையில் மிஞ்சுவதை அடுப்புக்குக் கொண்டுவருதல்

கத்தரிக்காய் விலை விழுந்துவிட்டால் வன்னியில் தோட்டக்காரர் முதலில் காய் ஆய்வதை நிறுத்திவிடுவார். ஆய்கிற ஆளுக்குக் கூலி, உரப்பையில் கட்டிக் கிளிநொச்சிச் சந்தைக்கு ஏற்றுகிற கூலி, அங்கே விற்கும்போது பிடிக்கிற கழிவு எல்லாம் போனால் அவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. காய் செடியிலேயே முற்றி மஞ்சளாகிவிடும். அதே கிழமை அதே ஊரில் மரக்கறிக்குக் காசில்லாமல் சொதியும் சம்பலுமாகச் சமாளிக்கிற வீடுகளும் இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துவைக்கத்தான் எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் மிச்ச மரக்கறி சேர்க்கத் தொடங்கியது. செய்து பழகியதை, வேறு ஊர்ச் சங்கங்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறோம்.

தோட்டத்துக் காயை எடுக்க முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கடைசியாக மருந்து அடித்தது எப்போது என்பது. விலை விழுகிறவரை தோட்டக்காரர் வழமைபோல அடித்துக்கொண்டுதான் இருப்பார். கைவிட்ட தோட்டம் என்பதால் மருந்தில்லாத தோட்டம் என்று நினைக்கக் கூடாது. அடித்ததற்கும் ஆய்வதற்கும் இடையில் எத்தனை நாள் விட வேண்டும் என்று போத்தல் லேபலில் இருக்கும், மருந்துக்கு மருந்து அது வேறுபடும். போத்தலை வாங்கிப் பார்த்து, அந்த நாள் கழிந்த பிறகுதான் இறங்க வேண்டும். தோட்டக்காரருக்கு நினைவில்லை என்றால் அந்தத் தோட்டத்தை விட்டுவிடுங்கள். கழுவினால் எல்லா மருந்தும் போகாது.

ஆய்வதற்கு வெயில் ஏற முந்திய நேரம் நல்லது. மத்தியானம் ஆய்ந்த காய் சூட்டோடு கூடைக்குள் போய் பின்னேரத்துக்குள் வாடிவிடும். ஏற்றுவதற்கு உரப்பை வேண்டாம். பை நிறையக் கட்டினால் அடியில் கிடப்பது நசிந்து, நசிந்த இடத்தில் அழுகல் பிடித்து, மற்றதற்கும் பரவும். 20 கிலோ அளவு கொள்ளும் பிளாஸ்டிக் கூடைகள், இல்லாவிட்டால் பனையோலைக் கடகம் போதும். தக்காளி என்றால் கூடையில் அரைவாசிக்கு மேல் போடாதீர்கள்.

சந்தையில் எடுப்பதற்கு வேறு ஒழுங்கு. சந்தை பிரதேச சபையின் பொறுப்பில் இருப்பதால் சங்கத்தின் கடிதத்தலைப்பில் ஒரு கடிதம் முதலில் அங்கே கொடுத்துவிட வேண்டும். வியாபாரிகளுக்கு உள்ள பயம் நியாயமானது: சும்மா கிடைக்கும் என்று தெரிந்தால் சனம் காசுக்கு வாங்காது. ஆகவே, வியாபாரம் முடிந்து கடை கட்டுகிற நேரத்துக்கு முன்னர் நாங்கள் உள்ளே போவதில்லை, சந்தை வளவில் எதையும் பங்கிடுவதும் இல்லை. கழிவு மரக்கறியை மாட்டுக்கு எடுக்கிறவர்களும் அந்த நேரத்தில்தான் வருவார்கள். அவர்களோடு போட்டிபோடாமல், நாங்கள் தெரிந்தெடுத்த பின் மிஞ்சுவது அவர்களுக்கு என்று பேசி வைத்தால் சண்டை வராது.

தம்புள்ளையிலிருந்து வரும் கோவாவின் மேல் இலைகளை வியாபாரிகள் உரித்துக் குவித்திருப்பார்கள். ஆக வெளியே உள்ள இலைகளை விட்டு, உள்ளே பச்சையாக இருப்பதை எடுத்து ஓடுகிற தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவினால் நல்ல வறை. லீக்ஸின் பச்சைத் தலைப்பும் அப்படித்தான். உருளைக்கிழங்கில் சிறிது பச்சை தெரிந்தால் தடிப்பாகச் சீவி எடுக்கலாம், கிழங்கு முழுக்கப் பச்சை பிடித்திருந்தால் அதில் நஞ்சு உண்டு, எறிய வேண்டியதுதான். மரவள்ளி கிண்டி இரண்டு நாளுக்கு மேல் ஆனால் உள்ளே நீல, கறுப்புக் கோடு ஓடும். அதை எடுக்க வேண்டாம். நல்ல மரவள்ளியையும் பானையை மூடாமல் நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும்.

கொண்டுவந்ததும் மரநிழலில் தறப்பாள் விரித்துத் தரம் பிரிக்கிறோம். வேலையில் ஆகக் கவனம் வேண்டிய இடம் இதுதான். வெடித்த தக்காளி, கீரை, கனிந்த பப்பாப்பழம் எல்லாம் அன்றைக்கே சமைக்கவும் சாப்பிடவும். பூசணி, சின்ன வெங்காயம், தேசிக்காய் வைத்து எடுக்க. காம்போடு உள்ள பூசணி, தோலில் காயம் இல்லாவிட்டால், நிலத்தில் படாமல் காற்றோட்டமாக வைத்தால் இரண்டு மாதம் நிற்கும். காம்பு முறிந்தது முதலில் பழுதாகும், அதை முதலில் வெட்டுங்கள். பழுக்கிற வாழைக்குலையும் பப்பாளியும் விடுகிற வாயு பக்கத்தில் உள்ள கீரையை மஞ்சளாக்கும், ஆகவே அவற்றைத் தள்ளி வைக்க வேண்டும். மிஞ்சும் கத்தரிக்காய் வத்தலுக்கு.

எடுக்காதவை பற்றி நாங்கள் இறுக்கமாக இருக்கிறோம். கல்யாண வீட்டுச் சோறும் அன்னதானச் சோறும் வெளியில் இரண்டு மணித்தியாலம் தாண்டினால் வேண்டாம். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விடுகிற நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. வெயிலில் கிடந்த மீனும் அப்படியே. பூஞ்சணம் பிடித்த கச்சானைக் கழுவி வறுத்தாலும் நஞ்சு போகாது. பாணில் ஒரு துண்டில் பூஞ்சணம் தெரிந்தாலும் முழுப் பாணும் கழிவுதான். கடைக்காரர் தரும் பொருட்களில் திகதி முடிந்தது, பொங்கின டின், ஓரத்து மூட்டில் நசிந்த டின் மூன்றையும் திருப்பிக் கொடுத்துவிடுவோம். பருப்பில் வண்டு இருந்தால் புடைத்து வெயிலில் போட்டு எடுக்கலாம். தொடங்க முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி, மரக்கறி தரம் பிரிக்கிற இடத்தையும் காட்டிவிடுவது நல்லது.

பங்கிடுவது நிறையில், வீட்டு ஆட்களின் எண்ணிக்கைப்படி. மரக்கறி ஏற்றுகிற லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) டீசலுக்கு ஒரு குடும்பம் 100 ரூபா, அது முடியாதவர் தரம் பிரிக்கவோ காய வைக்கவோ வருவார். காய் தந்த தோட்டக்காரர் வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. இது நிவாரணம் இல்லை, அதனால் வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுக்கிற வேலைக்கு இடமே இல்லை.

காசு மிச்சமாகிறதா என்பது பை எவ்வளவு பாரம் என்பதில் இல்லை, கடையில் எதை வாங்காமல் விட்டீர்கள் என்பதில் இருக்கிறது. சந்தைக்குப் போய் வந்த பிறகு மிச்சப் பை வந்தால் இரண்டும் சேர்ந்து அழுகும். ஆகவே, வீடுகள் சந்தைக்குப் போகிற நாளுக்கு முதல் நாள் பின்னேரம் பங்கிடுகிறோம். காலையில் ஆய்ந்ததும் என்ன வருகிறது என்று வட்ஸ்அப்பில் குரல் பதிவு போய்விடும். கொப்பியில் இரண்டு நிரல் போதும்: வந்தது, வாங்காமல் விட்டது. வந்தது நிறைய, விட்டது குறைய என்றால் அந்த வீட்டுக்கு அந்த மரக்கறி பிடிக்கவில்லை, அல்லது அளவு கூடிவிட்டது. அடுத்த தடவை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

வத்தல் போடுவது மாசியிலிருந்து ஆவணிவரை. கத்தரிக்காயை அரை விரல் தடிப்பில் வெட்டி, ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி உப்பும் கொஞ்சம் மஞ்சளும் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் விட்டு வடித்து, பாயில் பரப்ப வேண்டும். சோளகக் காற்று நன்றாகக் காயவைக்கும், ஆனால் மண்ணையும் கொண்டுவரும், மேலே வலை போடுங்கள். பொழுதுபட முன் உள்ளே எடுக்காவிட்டால் பனி பட்டுக் கறுக்கும். மூன்று நான்கு நாள் வெயிலுக்குப் பிறகு வளைத்தால் சடக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, போத்தலுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். 10 கிலோ காய் ஏறக்குறைய 1 கிலோ வத்தலாகும்.

தேசிக்காய் ஊறுகாய்க்கு 1 கிலோவுக்கு 200 முதல் 250 கிராம் உப்பு. அடிவரை வெட்டாமல் நாலாகப் பிளந்து உப்பை அடைத்து, கண்ணாடிப் போத்தலில் ஒரு கிழமை வெயிலில் வைக்க வேண்டும். மேலே வெள்ளையாகப் படர்ந்தால் ஈரக் கரண்டி போயிருக்கும், அல்லது காய் தன் சாற்றுக்கு மேலே நின்றிருக்கும்.

கார்த்திகை, மார்கழியில் தோட்டங்களுக்குள் வெள்ளம் நின்று மரக்கறி விலை ஏறும்போதுதான் இந்த வத்தல் காசாகிறது. கைப்பிடி வத்தலைச் சுடுதண்ணீரில் இருபது நிமிடம் ஊறவிட்டுப் பிழிந்து, உப்பைப் பார்த்துக் குறைத்து, பழப்புளி விட்டுக் குழம்பு வைத்தால் நாலு பேருக்குக் காணும்.