மதியச் சாப்பாடு 3 மணிக்கு

ஸ்பெயினில் உள்ள கிரனாடா நகருக்குப் படிக்க வந்த பிறகு என் நாளையே மாற்றிப் போட்டது என் காதலனின் சாப்பாட்டு நேரம்தான். மதியம் 3 மணிக்கு, இரவு 10 மணிக்கு. 1940-இல் கடிகாரத்தை முன்னே நகர்த்திய ஸ்பெயின் பழைய நேரத்துக்குத் திரும்பவே இல்லை, அதுவும் இதற்கு ஒரு காரணம்.

மாதக் கடைசியில் கையில் காசில்லாதபோது இந்த ஊர் கைகொடுக்கும்: ஒரு பானம் வாங்கினால் கூடவே தபாஸ் எனும் சிறு தீனித் தட்டு இலவசமாக வரும், இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினால் எங்கள் இரவுச் சாப்பாடே முடிந்துவிடும்.

ஞாயிறு என்றால் அவன் அம்மா வீடு. சாப்பிட்டு முடித்தும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், காபி வரும், பேச்சு மாலை வரை நீளும். கிரனாடா இருக்கும் ஆண்டலூசியா பகுதிக்காரர்கள் சொல்லின் கடைசி 'ஸ்' ஒலியை விழுங்கிவிடுவதால் முதலில் எனக்குப் பாதிதான் புரிந்தது. அவன் அம்மா எனக்காகவே மெதுவாகப் பேசுவார், எவ்வளவு நல்ல மனசு! தேர்வு சமயத்தில் டப்பாவில் பயறுக் குழம்பும் கொடுத்தனுப்புகிறார்.