மறுபடி கேட்டுவிட்டு எழுது

"மறுபடி ஒரு தடவை நிதானமா கேட்டுட்டு எழுது தம்பி. அவசரம் இல்ல, அடுத்த இதழ்ல போட்டுக்கலாம்." ஒரு பாட்டுத் தொகுப்புக்கு விமர்சனம் எழுதிய இளைஞரிடம் இவ்வளவுதான் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை, கட்டாயப்படுத்தவில்லை. ஒரு துணையாசிரியர் சொல்லக்கூடாத சொல் இதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தத் தொலைபேசிப் பேச்சு இன்றுவரை மனசில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

2014இல், ப்ளர் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் டேமன் ஆல்பர்ன் தனியாக வெளியிட்ட 'எவ்ரிடே ரோபாட்ஸ்' தொகுப்பு வந்த சமயம். எங்கள் இளையர் பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்த தம்பி அப்போது சிங்கப்பூர் இளைஞர்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையில் இருந்தார். முகாமிலிருந்து வீடு திரும்பும் வழியில், பாசிர் ரிஸ்ஸில் ரயில் ஏறி ஜூரோங் ஈஸ்ட்டில் இறங்குவதற்குள் பன்னிரண்டு பாட்டையும் கேட்டு முடித்துவிட்டார். அன்றிரவே விமர்சனமும் வந்துவிட்டது. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். ஒரு தடவைதான் கேட்டேன் என்பதையும் அவரே சொன்னார், மறைக்கவில்லை.

அதில் ஒரு வரி: "ப்ளர் பாட்டுக்குக் குதித்த கால்களுக்கு இதில் வேலை இல்லை." கூடவே, பாட்டுக்குப் பாட்டு வேகம் மாறவே இல்லை, யானைக்குட்டிக்காக எழுதிய 'மிஸ்டர் டெம்போ' மட்டும் சிரித்துக்கொண்டு வருகிறது, அதுவும் தப்பான வீட்டுக்குள் நுழைந்துவிட்டது என்று எழுதியிருந்தார்.

இந்த இரண்டு குறையையும் அவர் மட்டும் சொல்லவில்லை. பிரிட்டிஷ் விமர்சகர்களில் பெரும்பாலோர் பாராட்டினார்கள் என்றாலும், ஒரே மந்தகதி என்று அலுத்துக்கொண்டவர்களும், 'மிஸ்டர் டெம்போ' ஒட்டவில்லை என்றவர்களும் இருந்தார்கள். 1997இல் ப்ளரின் 'சாங் 2'வில் கத்திய அதே குரல் இங்கே பியானோவுக்கும் தேய்ந்த தாளத்துக்கும் நடுவில் முனகுகிறது. எதிர்பார்த்து வந்தவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

அப்படியென்றால் ஏன் நிறுத்திவைத்தேன்? எனக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்கிறேன். இந்த மாதிரி தொகுப்புகள் முதல் தடவையில் தங்களைக் காட்டிக்கொள்வதில்லை. 'ஹாலோ பாண்ட்ஸ்' என்ற பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1976ஆம் ஆண்டின் கடும் கோடையில் தொடங்கி, ஆண்டு ஆண்டாகத் தாவி, 1993இல் ஒரு சுவரில் எழுதியிருந்த வாசகத்துக்கு வருகிறது. ப்ளர் அந்த ஆண்டு வெளியிட்ட தொகுப்பின் பெயரே அந்தச் சுவரெழுத்திலிருந்து வந்ததுதான். கிழக்கு லண்டனில் சிறுவனாக வளர்ந்த இடத்தை ஒரு மனிதர் நாற்பதுகளின் நடுவில் திரும்பிப் பார்க்கிறார். ரயில் அறிவிப்புகளுக்கு நடுவே ஒரு காதில் கேட்டால் இது எப்படிப் பிடிபடும்? விமர்சகருக்குப் பொறுமை வேண்டாமா? வேண்டும் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

என்னை உறுத்துவது வேறு. இதையெல்லாம் நான் அவரிடமே சொன்னேன். கேள் என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. 'ஹாலோ பாண்ட்ஸ்' பற்றி, அந்தச் சுவர் பற்றி, கடைசிப் பாட்டில் சேர்ந்து பாடும் மூத்த இசைக்கலைஞர் பிரையன் ஈனோ பற்றி, ஆர்வத்தில் பேசிக்கொண்டே போனேன். பிடித்ததைப் பற்றிப் பேசும்போது யாருக்குத்தான் வாய் நிற்கும்? அவர் மறுமுனையில் "ஆமாண்ணே, ஆமாண்ணே" என்றார். கடைசியில், "சரிண்ணே, நீங்க சொல்றது சரிதான்" என்றார். படுக்கைக் கூடத்தில் விளக்கணைக்கும் நேரம் அது. பின்னால் யாரோ அவரை அவசரப்படுத்தும் சத்தம் கேட்டது. அந்தச் "சரிண்ணே" ஒப்புக்கொண்டதா, இல்லை பேச்சை முடிக்கச் சொன்னதா?

அடுத்த வாரம் புதிய விமர்சனம் வந்தது. நான்கு நட்சத்திரம். காவல் பணி முடிந்து படுத்தபோது இருட்டில் கேட்டேன் என்று குறிப்பு எழுதியிருந்தார். கட்டுரையில் 'ஹாலோ பாண்ட்ஸ்' இருந்தது, சுவர் இருந்தது, ஈனோ இருந்தார். ஏறக்குறைய நான் சொன்ன அதே வரிசையில். அப்புறம் "மனதை வருடும்", "அந்தரங்கமான", "முதிர்ச்சி". குதித்த கால்கள் காணாமல் போயிருந்தன. யானைக்குட்டியும் இல்லை.

அதைத்தான் அச்சில் ஏற்றினோம். பிழையில்லாத கட்டுரை. யாரும் குறை சொல்லவில்லை.

ஒரு இசைக்குழுவின் பாடகர் தனியாக வந்து மெதுவாகப் பாடினால், நாம் எல்லோரும் உடனே குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம் என்று சில சமயம் தோன்றுகிறது. மெதுவாகச் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும், சோகம் என்றால் ஆழம் என்று நம்பிவிடுகிறோம். ரேடியோஹெட் குழுவின் பாடகர் தாம் யார்க் 2006இல் 'தி இரேசர்' என்ற தனித் தொகுப்பை வெளியிட்டார். அது, பிரிட்டனில் ஆண்டின் சிறந்த தொகுப்புக்குத் தரும் மெர்க்குரி விருதின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. ஆல்பர்னின் தொகுப்பும் 2014இல் அதே பட்டியலில் இடம்பெற்றது. இரண்டு முறையும் விருதை வாங்கியது இளைஞர்களின் முதல் தொகுப்பு: 2006இல் ஆர்க்டிக் மங்கீஸ், 2014இல் யங் ஃபாதர்ஸ். இதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாதுதான். ஆனால் மரியாதை ஒரு பக்கமும் உற்சாகம் வேறு பக்கமும் போவது அன்று என் மேசையிலேயே நடந்தது. முதல் விமர்சனத்தில் உற்சாகம் இருந்தது. இரண்டாவதில் மரியாதை இருந்தது.

இருந்தாலும், அவர் உண்மையிலேயே மனம் மாறியிருக்கலாம் அல்லவா? பத்தொன்பது வயதில், சீருடை கசகசக்க, இருட்டில் படுத்துக்கொண்டு அந்தக் குரலைக் கேட்கும்போது ரயிலில் கேட்காதது கேட்டிருக்கலாம். எனக்கு அந்தத் தொகுப்பு பிடித்ததும் அப்படித்தான். அது நடந்திருந்தால் நான் செய்தது ஆசிரியர் வேலையிலேயே நல்ல வேலை. நடக்கவில்லை என்றால், ஓர் இளைஞர் தன் காதை நம்பி எழுதிய ஒன்றை என் காதுக்கு ஏற்றபடி மாற்றவைத்திருக்கிறேன். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள என்னிடம் இருப்பது இரண்டு கட்டுரைகள் மட்டும்தான். அவற்றில் நன்றாக எழுதப்பட்டது முதல் கட்டுரை. சரியாகக் கேட்கப்பட்டது இரண்டாவது, அப்படித்தான் நம்புகிறேன்.

அவர் இப்போது வேறு துறையில் இருக்கிறார். கைப்பேசி எண் இருக்கிறது, தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவார். நேராகவே கேட்டுவிடலாம்தான். ஆனால் "உண்மையைச் சொல்லு தம்பி, உனக்கு அது பிடிச்சுதா?" என்று நான் கேட்டால், எனக்குப் பிடித்த பதிலைத்தானே மறுபடியும் சொல்வார்.