எதை ஆர்கானிக்காக வாங்குவது?

காய்கனிகள் அனைத்தையும் ஆர்கானிக்காக வாங்க எங்கள் வருமானம் இடம் கொடுக்காது. ஆகவே அந்தக் கூடுதல் பணத்தை எந்தப் பொருளுக்குச் செலவிட்டால் உடலுக்குள் போகும் பூச்சிக்கொல்லி உண்மையிலேயே குறையும் என்று யோசித்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. இதற்குப் பலர் ஒரு பட்டியலை நாடுகிறார்கள். என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமெரிக்கத் தன்னார்வ அமைப்பு, விளைபொருள்களில் தங்கிவிடும் பூச்சிக்கொல்லி எச்சத்தை அறிய அந்நாட்டு வேளாண் துறை 1991 முதல் நடத்திவரும் பரிசோதனைகளை ஆதாரமாகக் கொண்டு, எச்சம் மிகுந்த 12 விளைபொருள்களையும் மிகக் குறைந்த 15 விளைபொருள்களையும் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. முதல் வகையில் ஸ்ட்ராபெரி, பாலக்கீரை, திராட்சை, ஆப்பிள் ஆகியவையும், இரண்டாம் வகையில் அவகாடோ, அன்னாசி, வெங்காயம் ஆகியவையும் திரும்பத் திரும்ப இடம்பெற்று வருகின்றன.

இந்தப் பட்டியலை நான் மதிக்கிறேன்; ஆனால் அதை அப்படியே பின்பற்றுவதில்லை. பல ஆண்டுகளாக அது எத்தனை மாதிரிகளில், எத்தனை வகைப் பூச்சி மருந்துகள், எவ்வளவு இருந்தன என்று கணக்கிட்டதே தவிர, ஒவ்வொரு மருந்தும் எவ்வளவு நச்சுடையது என்பதைச் சீர்தூக்கிப் பார்க்கவில்லை. 2011இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், அந்த 12 பொருள்களில் அடிக்கடி தென்பட்ட மருந்துகளை மக்கள் எவ்வளவு உட்கொள்கிறார்கள் என்று கணக்கிட்டு, அது பாதுகாப்பு வரம்புக்கு வெகு கீழே இருப்பதாகக் காட்டினார்கள். அந்த வாதம் வலுவானது. என்றாலும் குழந்தைகள் விஷயத்தில் எனக்கு அது முழு நிம்மதி தரவில்லை. குழந்தைகள் தங்கள் உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அதிகம் உண்கிறார்கள். அவர்களுடைய மூளையும் நரம்புகளும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. 1993இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு இதைத்தான் சுட்டிக்காட்டியது. அதைத் தொடர்ந்து 1996இல் வந்த சட்டம், வேறு வரம்பு போதும் என்பதற்கு நம்பகமான தரவு இல்லாதபோது, குழந்தைகளுக்காகப் பத்து மடங்கு கூடுதல் பாதுகாப்பு இடைவெளி வைக்க வேண்டும் என்றது.

உணவை மாற்றினால் பலன் தெரியுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 2006இல் வெளியான ஓர் ஆய்வை. சியாட்டில் பகுதியில் 23 குழந்தைகளுக்கு ஐந்து நாட்கள் மட்டும் ஆர்கானிக் உணவு கொடுத்தபோது, மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகிய மருந்துகள் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள்கள் அவர்களுடைய சிறுநீரில் கண்டறிய முடியாத அளவுக்கு விரைவாகக் குறைந்தன. வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் மீண்டும் தென்பட்டன. நோய் குறைந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் மருந்து உணவின் வழியாகத்தான் வந்தது என்பதும், நாம் வாங்குவதை மாற்றினால் அதைக் குறைக்க முடியும் என்பதும் அதில் தெளிவாகின்றன.

ஆகவே நான் முதலில் பார்ப்பது, வீட்டிலுள்ள மிகச் சிறியவர் எதைத் தினமும் தோலோடு தின்கிறார் என்பதை. எப்போதாவது ஒரு கிண்ணம் தின்னும் ஸ்ட்ராபெரி பட்டியலின் உச்சியில் இருந்தாலும், அன்றாடம் ஒன்று தின்னும் ஆப்பிளுக்கே என் பணம் போகும். அடுத்தது கீரை: அதற்கு உரிக்கத் தோல் இல்லை, பரப்போ பெரிது, மருந்து படும் இலையையே உண்கிறோம். வெங்காயம், அவகாடோ, அன்னாசி போன்றவற்றின் மேலுறை வெளியே படியும் மருந்தின் பெரும்பகுதியைத் தன்னோடு கொண்டுபோய்விடுவதால், இவற்றை ஆர்கானிக்காக வாங்க நான் கூடுதலாகச் செலவிடுவதில்லை.

கழுவினால் போதாதா என்றால், ஓரளவுக்குப் போதும். 2017இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிள்களின் மேல் இரண்டு மருந்துகளைப் பூசிச் சோதித்தபோது, வெறும் தண்ணீரைவிடச் சமையல் சோடா கரைத்த தண்ணீர் மேற்பரப்பை நன்றாகச் சுத்தம் செய்தது. அதற்கும் 12 முதல் 15 நிமிடங்கள் ஊற வேண்டியிருந்தது. ஆனால் தோலுக்குள் ஊடுருவிய பகுதி போகவில்லை. செடி வேர் வழியாக உறிஞ்சித் திசுக்கள் முழுவதும் பரப்பிக்கொள்ளும் இமிடாகுளோபிரிட் போன்றவற்றைக் கழுவியும் நீக்க முடியாது, உரித்தும் முழுமையாக நீக்க முடியாது. இந்த வகை மருந்து அதிகம் தெளிக்கப்படும் பயிர்களில்தான் ஆர்கானிக்குக்குக் கொடுக்கும் பணம் வேறு வழியில் கிடைக்காத ஒன்றைத் தருகிறது என்று நினைக்கிறேன்.

ஆர்கானிக் கிடைக்காத நாளில் கீரையையும் பழத்தையும் விட்டுவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். எச்சத்துக்குப் பயந்து காய்கனியைக் குறைப்பவர், நன்மை உறுதியாகத் தெரிந்த ஒன்றை இழக்கிறார். அன்று நன்றாகக் கழுவி, உரிக்கக்கூடியதை உரித்து உண்போம். ஆர்கானிக் என்று வாங்கியதையும் இதே போல ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். அங்கேயும் ஸ்பைனோசாட், செம்புக் கலவைகள் போன்ற சில மருந்துகளுக்கு அனுமதி உண்டு, மண்ணும் கிருமியும் அதிலும் ஒட்டியிருக்கும். சோப்பு மட்டும் வேண்டாம். பழத்தின் நுண்துளைகள் அதை உறிஞ்சிக்கொள்ளும்.