மாடிப்படி விளக்கு வைத்த ஆப்பு

சொந்த வீட்டுக்கு நானே வயரிங் செய்யப்போகிறேன் என்றதும் எல்லோரும் ஷாக்கைப் பற்றித்தான் எச்சரித்தார்கள். எனக்குப் பயம் மின் ஆய்வாளர்மேல். முன்அனுமதி, வரைபடம் எல்லாம் கொடுத்தாயிற்று. அவர் இரண்டு முறை வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் இணைப்பு.

முதல் வருகை, சுவர் பூசுவதற்கு முன்னால். பாக்ஸ்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். வயர் வெளியே ஒரு சாணாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றார். இரண்டு இடத்தில் கஞ்சத்தனம் செய்திருந்தேன், மாற்றினேன். மாடிப்படிப் பக்கம் 20 மிமீ பைப்பில் வயர் இழுக்கும் ஸ்பிரிங் சிக்கி ஒரு மதியம் முழுக்கப் போராடி, கடைசியில் சுவரில் வெட்டிய காடியை அகலப்படுத்தி 25 மிமீ போட்ட கதை அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இரண்டாவது வருகையில், வயர் உறையின் மின்தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கரை வைத்தார். 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் தோல்வி. எல்லாச் சுற்றும் அதற்கு வெகு மேலே. சரி, முடிந்தது என்று நினைத்தேன். அவரோ மாடிப்படி விளக்கின் பல்பைக் கழற்றி, ஹோல்டரில் ஒரு வயர்த் துண்டை இணைத்து, சுவிட்சைப் போட்டார். கீழ்த்தளத்துப் பேஸையும் (கரண்ட் வரும் வயர்) மாடி நியூட்ரலையும் (கரண்ட் திரும்பும் வயர்) டிபி என்கிற விநியோகப் பெட்டியிலிருந்து கழற்றி, இரண்டுக்கும் நடுவே, தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் மீட்டரை வைத்தார். பீப்.

"மாடிப்படி விளக்குக்கு நியூட்ரல் எங்கிருந்து எடுத்தீங்க?"

விளக்குக்குப் பக்கத்தில் மாடி பாக்ஸ் இருந்தது, வயர் மிச்சம் என்று அங்கேயே எடுத்துவிட்டேன். பேஸ் கீழ்த்தளத்திலிருந்து வருகிறது. தளத்துக்கு ஒரு ஆர்சிசிபி, அதாவது பாதுகாப்பு சுவிட்ச். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் விழுந்து கரண்டை நிறுத்திவிடும். 9 வாட் பல்பே 230 வோல்ட்டில் சுமார் 40 மில்லி ஆம்பியராவது எடுக்கும். ஆக, விளக்கைப் போட்டதும் வீடே இருண்டிருக்கும். அது பரவாயில்லை. யாராவது மாடி எம்சிபியை (டிபியில் மாடிக்கான சுவிட்ச்) அணைத்துவிட்டு, கரண்ட் இல்லை என்ற நம்பிக்கையில் அந்த நியூட்ரலைக் கழற்றினால், கீழ்த்தளத்துக் கரண்ட் பல்பு வழியாகக் கைக்கு வந்துவிடும். இதை அவர் விளக்கியபோதுதான் எனக்கு வியர்த்தது.

திட்டவில்லை, மறுபடி தேதி கொடுத்தார். அதே 25 மிமீ பைப்பில் கீழிருந்து புது நியூட்ரல் இழுத்தேன். ஸ்பிரிங் ஒரே தள்ளில் மேலே வந்தது. பழைய நியூட்ரலைத் துண்டித்துவிட்டேன்.

அடுத்த முறை மீட்டர் சத்தம் போடவில்லை. அப்புறமும் அவர் நேராக மாடிப்படிக்குத்தான் போனார். இணைப்பு வந்த பிறகு கீழே போட்டு மேலே அணைத்து, மேலே போட்டு கீழே அணைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, பேனாவை எடுத்தார்.