துணை கேலக்ஸிகள் ஒரே தளத்தில் நிற்கின்றனவா, ஓடுகின்றனவா?

நம் கேலக்ஸியான பால்வழியைச் சுற்றும் சிறிய கேலக்ஸிகளே துணை கேலக்ஸிகள். அவற்றில் பிரகாசமான 11 கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை. பால்வழித் தட்டுக்கு ஏறக்குறைய செங்குத்தான ஒரு தளத்தை ஒட்டி இருக்கின்றன. அன்று தெரிந்த சிலவற்றை வைத்தே டொனால்ட் லிண்டன்-பெல் 1976-ல் இதைக் கவனித்தார். கரும்பொருள் (ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியும் பொருள்) கோட்பாட்டின் கணிப்புக்கு இது ஒத்துவராது என்று 2005-ல் க்ரூபா குழு எழுதிய பிறகு சண்டை சூடானது.

தளம் எவ்வளவு மெல்லியது என்று சொல்ல, ஒவ்வொன்றின் இருப்பிடத்தையும் முப்பரிமாணத்தில் குறித்து, அந்தத் தொகுப்பின் குறுகிய அச்சை நீண்ட அச்சால் வகுப்பார்கள். பால்வழியின் பதினொன்றுக்கு விடை சுமார் 0.18. கோளமாகப் பரவியிருந்தால் 1 வர வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வெறும் 11 புள்ளிகளை எப்படித் தூவினாலும் ஓரளவு தட்டையாகத்தான் விழும். ஒப்பிட வேண்டியது அதனோடு.

இன்னொரு பொறியும் உண்டு. வழக்கமான கணக்கில் தூரத்தின் வர்க்கம் எடையாகச் சேர்கிறது. துணைகளில் லியோ 1 சுமார் 8 லட்சம் ஒளியாண்டில் இருக்கிறது, பெரிய மெகல்லன் மேகம் 1.6 லட்சத்தில். ஆக, லியோ 1-க்கு மட்டும் 25 மடங்கு செல்வாக்கு! லியோ 1, லியோ 2 இரண்டும் நகர்ந்தால் தட்டை கலைந்துவிடும், இது தற்காலிக அமைப்பே என்று சவாலா குழு வாதிட்டதன் அடிப்படை இதுதான்.

அதனால் நிற்கும் இடத்தைவிட ஓடும் திசையையே நான் நம்புவேன். அதை அளப்பதுதான் கஷ்டம். 3.26 லட்சம் ஒளியாண்டு தொலைவில் நொடிக்கு 100 கி.மீ. குறுக்கே ஓடினாலும் வானில் அது ஆண்டுக்கு 0.2 மில்லி ஆர்க்செகண்ட் நகர்வுதான் (ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு ஆர்க்செகண்ட், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி ஆர்க்செகண்ட்). லியோ 1 இருக்கும் தூரத்தில், இந்த நகர்வை அளப்பதில் ஆண்டுக்கு 0.02 மில்லி ஆர்க்செகண்ட் பிழை வந்தால் வேகத்தில் நொடிக்கு சுமார் 24 கி.மீ. தவறும். கையா விண்கலத்தின் தரவு வந்த பிறகு பெரும்பாலானவற்றின் சுற்றுத்தளங்கள் ஒன்றையொன்று ஒட்டியிருப்பது உறுதியானது. ஸ்கல்ப்டர் என்ற துணை அதே தளத்தில் எதிர்த்திசையில் சுற்றுகிறது. சாஜிட்டேரியஸ் என்ற துணையோ கூட்டத்தில் சேராமல் குறுக்கே போகிறது.

பக்கத்துப் பெரிய கேலக்ஸியான ஆண்ட்ரோமெடாவில் நிலைமை வேறு. 2013-ல் இபாட்டா குழு தான் ஆராய்ந்த 27-ல் 15 துணைகள் ஒரு தளத்தில் இருப்பதைக் காட்டியது. அகலம் 13 லட்சம் ஒளியாண்டு, தடிமனோ 40 ஆயிரம் சொச்சம். ஆண்ட்ரோமெடா இருக்கும் 25 லட்சம் ஒளியாண்டில் 5% தூரப்பிழை என்றாலே 1.25 லட்சம் ஆயிற்றே, இவ்வளவு மெல்லிசு எப்படித் தெரிந்தது? அந்தத் தளத்தை நாம் விளிம்பிலிருந்து பார்க்கிறோம். தூரப்பிழை தளத்துக்குள்ளேயே நீள்கிறது, தடிமனைக் கூட்டுவதில்லை. சுழற்சியைக் காணவும் நிறமாலையில் கிடைக்கும் பார்வைக்கோட்டு வேகம் (நம்மை நோக்கியோ விலகியோ வரும் வேகம்) போதும்: பதினைந்தில் 13 ஒரே போக்கில். ஆனால் 27-ல் எந்த 15 என்பதைப் பார்த்த பிறகு தேர்ந்ததால், தற்செயல் வாய்ப்பைக் கணக்கிடும்போது அந்தத் தேர்வையும் சேர்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

எப்படி உருவாயின? பழைய மோதலில் பிய்ந்த வாயுவிலிருந்து பிறந்தவை என்றால் ஒரே தளமும் ஒரே சுழற்சியும் இயல்பாக வரும். ஆனால் அப்படிப் பிறந்தவற்றில் கரும்பொருள் இருக்கக்கூடாது, உலோகம் (வானியலில் ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள்) மிகுந்திருக்கும். டிராகோ என்ற பால்வழித் துணையின் நட்சத்திர வேகங்களோ, ஒளி காட்டும் எடையைப் போல் நூறு மடங்குக்கு மேல் கேட்கின்றன. உலோகமும் மிகக் குறைவு. கரும்பொருள் இழைகள் வழியே வந்து விழுந்தன என்பது அடுத்த விளக்கம். அந்த இழைகள் பெரும்பாலும் மெல்லிய தளத்தை உண்டாக்க முடியாத அளவு பருத்தவை.

கூட்டமாக விழுந்தன என்பதற்கு நேரடிச் சான்று உண்டு. பெரிய மெகல்லன் மேகம் ஹைட்ரஸ் 1, ஹோரோலோஜியம் 1, கரினா 2, கரினா 3 போன்ற மங்கலானவற்றைத் தன்னுடன் இழுத்து வந்தது. ஆனால் அது அனேகமாக முதல்முறை வருகிறது. பல நூறு கோடி ஆண்டுகளாகச் சுற்றும் டிராகோவுக்கு அது காரணமாக முடியாது. ஆண்ட்ரோமெடாவின் 37 துணைகளில் ஒன்றைத் தவிர எல்லாம் நம்மை நோக்கிய திசையிலிருந்து 107 டிகிரிக்குள் குவிந்திருப்பதற்கோ, இந்த மூன்றில் எதுவும் இன்னும் பதில் சொல்லவில்லை.