ஒரு அம்மோனைட் பொடியான கதை

என்னிடம் இரண்டு அம்மோனைட்டுகள் இருந்தன, அதாவது சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன ஒரு கடல் பிராணியின் புதைபடிவங்கள். இப்போது ஒன்றுதான் மிச்சம்.

போனதுதான் அழகானது. பொத்தான் அளவுக்குத்தான் இருக்கும், பித்தளை மாதிரி மினுங்கும். அட்டைப்பெட்டியில் போட்டு, குளியலறைச் சுவரை ஒட்டியிருந்த அலமாரியில் வைத்து மறந்தே போனேன். நாளாகி ஒருநாள் திறந்தால் கந்தக நெடி. பெட்டியின் அடி கருகியிருந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் கொஞ்சம் பொடி.

அந்த மினுமினுப்பு பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும். செத்த பிராணி, காற்றே புகாத கடலடிச் சேற்றில் புதைகிறது. அங்கே ஆக்சிஜன் இல்லாமலே பிழைக்கும் பாக்டீரியாக்கள் கடல்நீரில் உள்ள சல்பேட்டை வைத்துக்கொண்டு சதையைத் தின்று தீர்க்கின்றன. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியாகிறது. அது சேற்றிலிருக்கும் இரும்போடு சேர, ஓட்டுக்குள் பைரைட் படிகிறது. அழுகல்தான் அதைக் காப்பாற்றியிருக்கிறது! அம்மோனைட் இனமே அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை காலம் தாங்கியதை, ஈரக்காற்று பட வைத்து நான் முடித்துவிட்டேன். பைரைட்டும் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் கந்தக அமிலம். பெட்டி கருகியது அதனால்தான்.

சரி, மிச்சமிருப்பது கைப்பிடி அளவு, பார்க்கச் சாதாரணக் கல். பாதியாக அறுத்தது. எடுத்துப் பார்ப்பவர்கள் எல்லோரும் "இது அதோட ஓடுதானே?" என்பார்கள். இல்லை. ஓடு அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமம், எளிதில் கரையக்கூடியது. இதில் அது எப்போதோ கரைந்துவிட்டது. கையில் இருப்பது ஓட்டுக்குள் புகுந்து இறுகிய சேறு. வெளிப்பக்கம் பாசி இலை போல நெளிநெளியாக ஓடும் கோடுகள் உள்ளறைச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடங்கள். ஓடு போனதால்தான் அவை கண்ணுக்கே தெரிகின்றன.

எனக்குப் பிடித்தது அறுத்த பக்கம். பிராணி குடியிருந்தது கடைசி அறையில் மட்டும். மற்றவை மிதப்பதற்கான வாயு அறைகள். உடைசல் வழியே சேறு புகுந்தாலும் சில அறைகள் முழுசாக நிரம்பவில்லை. கீழ்ப்பாதி சாம்பல் நிறச் சேறு, மேல்பாதியில் பின்னால் நீரிலிருந்து வளர்ந்த வெள்ளைக் கால்சைட் படிகம். இரண்டும் சந்திக்கும் கோடு எல்லா அறையிலும் ஒரே திசையில் இருக்கிறது, ரசமட்டம் வைத்துப் பார்த்த மாதிரி.

அந்தக் கோடு கிடைமட்டமாக வரும்வரை கல்லைத் திருப்பி, அடியில் ஒரு அழிப்பானை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். கடலடியில் அது இப்படித்தான் சாய்ந்து கிடந்தது.