ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்

2025 ஜனவரி 19

எங்கள் பூனை குட்டான் போய் இன்றோடு 11 நாள். இன்றைக்குத்தான் எழுத உட்கார முடிந்தது.

அன்று விடியற்காலையில் ஒரு அலறல். அவன் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு முன்னங்காலால் தரையைப் பற்றி நகர்கிறான். எங்கேயோ விழுந்து இடுப்பு உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தூக்கும்போது பின்பாதம் கையில் பட்டது, சில்லென்று இருந்தது. ரோஸ் நிறத்தில் இருக்கும் பாதத் திண்டு வெளுத்து நீலம் பாய்ந்திருந்தது. டாக்டர் தொடையின் உட்புறம் விரல் வைத்துப் பார்த்துவிட்டு "நாடி இல்லை" என்றார். ஸ்கேன் வைத்ததும் தெரிந்துவிட்டது. இதயச் சுவர் தடித்துப்போய், இடது மேலறை ஊதியிருந்தது. அங்கே உறைந்த ரத்தக்கட்டி பெருந்தமனி வழியே இறங்கி, பின்னங்கால்களுக்குப் பிரிகிற இடத்தில் அடைத்துக்கொண்டிருக்கிறது. மதியத்துக்குள் முடிந்துவிட்டது. நாலு வயது.

நவம்பரில்தான் தடுப்பூசிக்குப் போனோம். அப்போது ஸ்டெதாஸ்கோப்பில் எந்தக் கோளாறும் கேட்கவில்லை. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. இந்த நோய் இருக்கிற பூனைகளில் பலவற்றுக்கு இதயத்தில் இரைச்சலே வராது. இரைச்சல் இருக்கிற பூனைகளில் பலவற்றுக்கு நோயே இருக்காது. இது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

ஜனவரி 26

செல்லியும் குட்டானும் ஒரே ஈற்றுக் குட்டிகள். இந்த ஒரு நினைப்பு ஒரு வாரமாகத் தூங்கவிடவில்லை.

டாக்டரிடம் கேட்டேன். ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி, அதாவது இதயத் தசை தடிக்கும் நோய்தான் பூனைகளுக்கு வரும் இதய நோய்களில் மிகச் சாதாரணமானது என்றார். மெய்ன் கூன் இனத்தில் இதற்கான மரபணு மாற்றத்தை 2005இலும், ராக்டால் இனத்தில் வேறொன்றை 2007இலும் கண்டுபிடித்திருக்கிறார்கள். எங்களுடையது இனப் பெயர் எதுவும் இல்லாத வீட்டுப் பூனை. அந்தப் பரிசோதனை செல்லிக்கு உதவாது. அந்த இனங்களிலுமே மரபணு சுத்தமாக இருந்தால் இதயமும் சுத்தம் என்று சொல்லிவிட முடியாதாம். உள்ளே பார்க்க, ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ ஸ்கேன்தான் வழி.

"பப்லுவையும் கூட்டிட்டு வந்துடுங்க" என்றார். பப்லு எங்கள் நாய். 10 வயது, 7 கிலோ. இரண்டு வருடமாக அவனுக்கு மர்மர், அதாவது இதய இரைச்சல் இருக்கிறது, ஆறில் மூன்றாம் நிலை. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் டாக்டர்கள் புருவத்தைச் சுருக்குவார்கள். வீட்டில் எல்லோரும் பயந்துகொண்டிருந்தது இவனை நினைத்துத்தான்.

பிப்ரவரி 8

ஸ்கேன் முடிந்தது. மறப்பதற்குள் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

இருட்டான அறை. மேஜையில் ஓரிடத்தில் ஓட்டை வெட்டியிருக்கிறார்கள். செல்லியை வலப்பக்கமாகப் படுக்க வைத்ததும் அவள் மார்பு அந்த ஓட்டைக்கு மேல் வந்தது. டாக்டர் கருவியைக் கீழேயிருந்து வைத்தார். அப்படிப் படுத்தால் இதயம் மார்புச் சுவரை ஒட்டி இறங்கிவிடும், குறுக்கே வரும் நுரையீரலும் ஒதுங்கிக்கொள்ளும். காற்று நடுவில் வந்தால் படம் தெரியாது. அக்குளுக்குக் கீழே தீப்பெட்டி அளவுக்கு முடியை மழித்து, ஜெல் தடவி, கால்களில் ஈசிஜி கிளிப் மாட்டினார்கள். மிரளும் பூனையாக இருந்தால் வரும் முன்பே அமைதிப்படுத்தும் மருந்து கொடுப்பார்களாம். செல்லிக்குத் தேவைப்படவில்லை. முன்னங்கால் இரண்டையும் நான் பிடித்துக்கொண்டேன். என் கட்டைவிரலுக்கு அடியில் அவள் நாடி படபடவென்று ஓடியது. நிமிடத்துக்கு 190 என்று திரை காட்டியது.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை, சாம்பல் நிறத்தில் ஏதோ துடித்தது. டாக்டர் ஒரு இடத்தில் படத்தை நிறுத்தி, "காளான் மாதிரி தெரியுதா? அதுதான் இடது கீழறை, குறுக்கே வெட்டிப் பார்க்கிறோம்" என்றார். அப்புறம் தெரிந்துவிட்டது. இதயம் முழுக்க விரிந்து நிற்கிற நொடியில் சுவரின் தடிமனை அளக்க வேண்டும். ஒரு துடிப்பை அளந்தார், அடுத்ததை, அதற்கடுத்ததை, பிறகு வேறொரு இடத்தில். அவசரமே படவில்லை. அந்தப் பொறுமைக்காகவே அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லத் தோன்றியது.

5.4 மில்லிமீட்டர்.

5க்குக் கீழே இருந்தால் இயல்பு. 6 அல்லது அதற்கு மேல் என்றால் தடிப்பு. நடுவில் இருப்பது சந்தேகக் கணக்கு. இடது மேலறை பெருந்தமனியைப் போல 1.3 மடங்கு, அதாவது ஊதவில்லை. ரத்தக்கட்டி உருவாகிற ஆபத்து மேலறை ஊதினால்தான் கூடும் என்பதால் இதுதான் இன்று கேட்ட நல்ல செய்தி.

பப்லு ஓட்டைக்கு மேல் படுத்ததும் வாலை ஆட்டினான், மேஜையே தட்தட்டென்றது. கலர் டாப்ளர் போட்டார்கள். கருவியை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, விலகிப் போவது நீலம். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மிட்ரல் வால்வில் மட்டும் இரண்டும் கலந்து பொறிப்பொறியாகப் பின்னால் பீய்ச்சியது. வால்வு தடித்துச் சரியாக மூடாததால் வரும் கசிவு. சிறிய நாய்களுக்கு வயதானால் மிகச் சகஜம். ஆனால் இதயம் பெரிதாகவில்லை, மேலறை 1.4 மடங்குதான். பி1 நிலை, அதாவது கசிவு உண்டு, இதயம் பெரிதாகவில்லை என்று எழுதினார். இப்போதைக்கு மருந்து வேண்டாம்.

"இவ்வளவு சத்தம் கேட்குதே டாக்டர்?" என்றேன். 2016இல் வெளியான எபிக் என்ற ஆய்வைப் பற்றிச் சொன்னார். கசிவால் இதயம் பெரிதாகிவிட்ட நாய்களுக்குப் பிமோபெண்டான் என்ற இதய மருந்தைக் கொடுத்தபோது, இதயச் செயலிழப்பு ஏறக்குறைய 15 மாதம் தள்ளிப்போனது. அதற்கு இதயம் குறிப்பிட்ட அளவைத் தாண்டியிருக்க வேண்டும். பப்லு இன்னும் தாண்டவில்லை. எப்போது தாண்டுகிறான் என்று சத்தத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

பிப்ரவரி 9

இரைச்சல் போட்டவன் நன்றாக இருக்கிறான். சத்தமே இல்லாதவள் சந்தேகக் கணக்கில் நிற்கிறாள். நேற்றிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எக்கோவின் கதையைத் தேடிப் படித்தேன். 1953இல் ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் இங்கெ எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், உலோகத்தில் குறை இருக்கிறதா என்று சோதிக்கும் கருவியை ஒரு கப்பல் கட்டும் தளத்திலிருந்து இரவல் வாங்கி மனித இதயத்தின் மேல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எட்லர் பார்க்கத் துடித்தது மிட்ரல் வால்வை. பப்லுவுக்குக் கசிகிறதே, அதே வால்வு.

பிப்ரவரி 15

செல்லிக்கு ரத்த அழுத்தம் பார்த்தார்கள். முன்னங்காலில் விரல் மோதிரம் போல ஒரு குட்டிப் பட்டை. 140, இயல்புதான். ரத்த அழுத்தமோ தைராய்டோ அதிகமானாலும் சுவர் தடிக்கும், உடலில் நீர் வற்றியிருந்தாலும் தடித்ததுபோலத் தெரியும். தைராய்டு வயதான பூனைகளுக்கு வருவது, செல்லிக்கு இப்போது தேவையில்லை என்றார். ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன்.

மார்ச் 2

தூங்கும்போது மூச்சை எண்ணச் சொல்லியிருக்கிறார். விலா ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து அதற்கு மேலே போனால் உடனே கூப்பிட வேண்டும். செல்லி 22, பப்லு 18. அம்மா ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கிறார். நான் மறந்த நாட்களும் அதில் இருக்கின்றன.

ஏப்ரல் 20

பக்கத்து வீட்டில் டாபர்மேன் வைத்திருக்கிறார்கள். போன வருடம் எக்கோ எடுத்தார்களாம், நார்மல், இனிக் கவலை இல்லை என்றார் அண்ணன். விட முடியவில்லை, வாசலிலேயே நின்று பேசினேன். அந்த இனத்தில் இதயம் விரிந்து தளர்கிற நோய் அதிகம். சில நாய்களுக்கு இதயம் விரிவதற்கு முன்பே துடிப்புதான் தாறுமாறாகும், அது எக்கோவில் தெரியாது. துடிப்பைப் பதிய 24 மணி நேரம் மாட்டும் ஹோல்டர் கருவியும் வேண்டும். மூன்று வயதிலிருந்து இரண்டையும் வருடாவருடம் செய்யச் சொல்கிறார்கள். "நார்மல்னு எழுதிக் கொடுத்தாங்களே" என்றார். அது அந்த நாளுக்கான படம், அண்ணா. குட்டானின் கதையையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் மறுத்துப் பேசவில்லை.

ஆகஸ்ட் 9

அதே அறை, அதே டாக்டர், அதே கருவி. ஆள் மாறினாலே அளவு கொஞ்சம் மாறும் என்பதால் அப்படித்தான் கேட்டு வாங்கினேன். ஆறு மாதத்தில் வளர்ந்த முடியை மறுபடி அதே இடத்தில் மழித்தார்கள்.

5.3. மேலறை 1.3. இந்த 0.1 வித்தியாசம் அளவையில் வருவதுதான், குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மாற்றமில்லை என்றே எழுதியிருக்கிறார். அடுத்தது ஒரு வருடம் கழித்து. பப்லு இன்னும் பி1.

செல்லி இப்போது மழித்த இடத்தை நக்கிக்கொண்டே என் மடியில் தூங்கிவிட்டாள். அம்மா நோட்டை நீட்டுகிறார். 21.